பேமாவதியின் முக்கால் பாலம்

பேமாவதி மகளைக் கட்டிக்கொடுத்தது பாலத்தை நம்பித்தான். களுகங்கை ஆற்றின் நடுவே மூன்று தூண்கள் எழும்பி நின்ற வருஷம் அது. எதிர்க்கரையிலிருந்து சுசந்தவின் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். "பாலம் முடிஞ்சா நான் சோறு மட்டும் வடிப்பேன், கறிக்கு மகள் வீட்டுக்கு நடந்து போவேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பாலம்தான் வருகிறதே என்று தோணித்துறையையும் மூடிவிட்டார்கள்.

கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் நாட்டின் கஜானா காலியானது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற மாதங்களில் ஒப்பந்தக்காரன் கிரேனைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். துறைக்குப் போகிற பாதையை அஸ்திவாரத்துக்கென்று அவன் தோண்டிப் போட்டிருந்தான். அது சதுப்பாகி மூங்கில் மண்டியது. தூண்கள் நீர்க்காகங்களுக்கு ஆகின.

பேமாவதி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். வேலை முடிந்து வந்து மேட்டிலுள்ள தன் முற்றத்தில் நின்றால், சதுப்புக்கும் ஆற்றுக்கும் அப்பால் மகள் நில்மினியின் கூரை தெரியும். பஸ்ஸில் போவதென்றால் டவுன் பாலத்தைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி, அரை நாள். பால் வெட்டு இல்லாத நாள் மழை நாள்தான். மழை பெய்தால் எதிர்க்கரைச் சாலை தண்ணீருக்கடியில் போய்விடும். ஆகவே தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தபடி போனில் பேசினார்கள்.

"அங்க நீலமா தெரியுதே, அது நீயா?"

"அது கொடியில காயுற மாமியாரோட சீத்தைத் துணி, அம்மா."

"அப்ப நீ எங்க?"

"அதுக்குப் பின்னால நிக்கிறேன்."

நில்மினி பிள்ளையுண்டானபோது கேட்டது ஒன்றே ஒன்று. அம்மா வைக்கும் பிஞ்சுப் பலாக்காய்க் கறி. ராத்திரி முழுக்க மண்சட்டியில் கிடந்து காலையில் கறுத்திருக்குமே, அது.

"உன் மாமியார் வைக்க மாட்டாளா?"

"வைப்பாங்க. தேங்காய்ப்பால மருந்து மாதிரி சொட்டுச் சொட்டா விடுறாங்க."

ஒரு தடவை பேமாவதி வேலையை விட்டுவிட்டுச் சட்டியோடு புறப்பட்டாள். இரண்டாவது பஸ் வருவதற்குள் வெயிலில் கறி புளித்துவிட்டது.

அந்த மாதம்தான் புதிய அரசாங்கத்தின் முதல் பட்ஜெட். ஜினதாசவின் தேத்தண்ணிக் கடை டிவிக்கு முன்னால் பாதி ஊர் கூடியிருந்தது. அமைச்சர் வாசித்துக்கொண்டே போனார். இல்லாதவர்களுக்கு உதவித்தொகை, ஆஸ்பத்திரிக்கு மருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலில் போடச் சப்பாத்து. புதிய கட்டடம், புதிய சாலை எதுவும் இல்லை. பாதியில் நிற்பவற்றில், முக்கால்வாசி முடிந்தவற்றுக்கு மட்டும் பணம்.

"நம்ம பாலம் எதுல வருது அக்கா?" என்றான் ஜினதாச. "சப்பாத்துலயா, மருந்துலயா?"

"வாய மூடு" என்றாள் பேமாவதி. "முக்கால் முடிஞ்சிருந்தா காசுன்னு சொன்னாரு."

"நம்மளது பாதிதானே."

"பாதிக்கும் முக்காலுக்கும் நடுவுல எவ்வளவு?"

"கால்."

"அப்ப அந்தக் காலை நாம போட்டுடுவோம்."

கடை சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பாலத்தோடு சேர வேண்டிய சாலையும் அந்த வேலையில் ஒரு பங்குதானே? சதுப்பை நிரப்பிச் சாலை போட கிரேன் எதற்கு, மண்வெட்டி போதும். பௌர்ணமி போயா தினத்தன்று பன்சலையில், புத்த கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: சிரமதானம், கூலியில்லாத ஊர் வேலை, வீட்டுக்கு ஒருவர்.

வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். தென்னங்குற்றிகளை அடித்து இறக்கினோம், கிரவல் மண் கொட்டினோம், பேமாவதி அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கொச்சிக்காய்ச் சம்பலோடு தின்றோம். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. கடைசியில், பார்வையிட ஆள் வருகிறது என்றதும், பாலத்தின் கரைச்சுவருக்கு ஜினதாச வெள்ளையும் அடித்தான். "பொண்ணு பார்க்க வர்றாங்க, பவுடர் போடாம விடலாமா?"

எதிர்க்கரையிலிருந்து நில்மினி குடையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். "அம்மா, ஒவ்வொரு கிழமையும் நீங்க கிட்ட வர்றீங்க" என்றாள் போனில்.

பார்வையிட இன்ஜினியர் வந்தார். இளம்பெண். குதிகாலால் மண்ணை மிதித்து மிதித்துச் சாலை முழுக்க நடந்தார். பேமாவதி முந்தின இரவே சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். இன்ஜினியர் பலாக்காய்க் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அருமையான வேலை அம்மா. ஆனா எங்களுக்கு முடிஞ்ச வேலைன்னா செலவான காசு. ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு பில் போயிருக்கோ, அவ்வளவுதான் பாலம். சிரமதானத்துக்கு பில் இல்லையே."

"அப்ப சும்மா செஞ்சதால நாங்க செய்யவே இல்லையா மிஸ்?" என்றான் ஜினதாச.

"காகிதத்துல செய்யல."

"பில்தானே, தாறோம்" என்றாள் பேமாவதி. "கிழங்கு, பிளேன்டி, ஜினதாசவோட இடுப்புல நாரிப்பிடிப்பு. எல்லாத்தையும் எழுதிக்கங்க."

இன்ஜினியரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. "முதல்ல மருந்து வாங்கணும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மருந்து என்றதும் பேமாவதியால் கோபப்பட முடியவில்லை. நில்மினிக்குக் கிளினிக்கில் மாத்திரை இந்த வருஷம்தான் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது.

"சரி, பாலம் வேணாம். தோணித்துறையையாவது திறக்கச் சொல்லுங்க மிஸ்."

"பாலம் கட்டுற இடத்துல தோணி விட முடியாதே அம்மா."

"யார் கட்டுறா?"

இன்ஜினியர் தூண்களைப் பார்த்தார். ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. "காகிதத்துல இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார்.

ஜீப் போன பிறகு மண்வெட்டிகள் வீடு திரும்பின. பேமாவதி மட்டும் மீதிக் கறியோடு சாலையின் கடைசிக்கு நடந்தாள். கரைச்சுவருக்குக் கீழே ஆறு வற்றிப்போய் ஓடியது. எதிரே, துணி எடுக்க வந்த நில்மினி, வயிற்றில் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். பேமாவதி இடுப்பைத் தடவினாள். போன் வீட்டில் இருந்தது.

"நில்மினீ!"

"அம்மா!"

நடுவே போன் இல்லாமல் வந்த குரல். எவ்வளவு காலம் ஆயிற்று! சாலையின் இந்த முனையில், ஊர்ப்பக்கம் நின்றிருந்த எங்களுக்கே கேட்டது.

"என்னாச்சு? பாலம் உண்டா?"

"இல்லையாம்!"

நில்மினி தண்ணீர் விளிம்புக்கு இறங்கி வந்தாள்.

"கையில என்ன?"

"பலாக்காய்க் கறி!"

"வாசம் வருதும்மா!"

"பொய் சொல்லாத!"

சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளையடித்த சுவரில் உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். காற்று எந்தப் பக்கம் போகிறதென்று முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அது ஆற்றோடு மேலே போய்க்கொண்டிருந்தது, குறுக்கே அல்ல. மூடியால் மெல்ல எதிர்க்கரைப் பக்கமாக விசிறத் தொடங்கினாள்.