பின் இருக்கையில் குதிரை

லண்டனில் ஓட்டுநர் சோதனையில் நான் ஆறு முறை தோற்றேன். எனக்குக் கார் பழக்கியவர் ஈரானியர். வெம்பிளியில் இருபது வருடமாக இதே தொழில். என் ஆறு தோல்விகளையும் அவர் குறையாக எண்ணவில்லை. அவர்கள் நாட்டுப் பழங்காவியத்தில், வீரன் என்று பெயரெடுக்க ஒருவன் ஏழு சோதனைகளைக் கடக்க வேண்டுமாம். முதல் சோதனையில் சிங்கம் வருகிறது. வீரன் தூங்குகிறான். சிங்கத்தைக் கொல்வது அவனுடைய குதிரை.

அப்படியானால் பெயர் ஏன் வீரனுக்குப் போகிறது என்று கேட்டேன். அவர் தன் பக்கத்துப் பிரேக்கைக் காட்டினார். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. பாதசாரிக் கடவைகளில் பெரும்பாலும் காரை நிறுத்தியது அவருடைய கால்தான். சோதனையின்போது அந்த இருக்கையில் அதிகாரி இருப்பார். அவர் பிரேக்கில் கால் வைத்தால் தோல்வி. ஆறு முறையும் வைத்தார்கள்.

இந்த முறை தோற்க முடியாது. மூன்று வாரத்தில் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. வீட்டில் கார் ஓட்டுவது அவள் மட்டும். ஏழு சோதனைக் கதையை அவளிடம் சொன்னேன்.

"அந்த ஏழும் உங்களுக்கில்லையப்பா, எனக்கு. நீங்கள் ஓட்டிப் பழக, பக்கத்தில இருந்து பயந்தது நான்தானே."

ஏழாவது சோதனைக்குப் பழக்கியவரைப் பின் இருக்கையில் இருக்கச் சொன்னேன். விதி அதை அனுமதிக்கிறது. வாய் மட்டும் திறக்கக் கூடாது. அன்று மனைவியும் வந்தாள், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் வைத்து எடுத்த நான்கு எலுமிச்சைகளோடு. நான் உள்ளே கையெழுத்து வைக்கும் நேரம், சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்துவிட்டாள். எங்கள் வழக்கம் புதுக் காருக்குத்தான். இந்தக் கார் எண்பதாயிரம் மைல் ஓடியது, எங்களுடையதும் அல்ல. பழக்கியவர் தடுக்கவில்லை. குதிரைக்குப் படையலா என்று மட்டும் கேட்டாராம். அவள் ஆம் என்றாளாம்.

கார் நகர்ந்ததும் நான்கும் நசுங்கி வெடித்தன. அதிகாரி எழுதுவதை நிறுத்தி, அது என்ன சத்தம் என்றார்.

"எலுமிச்சை."

"எத்தனை?"

"நான்கு."

எதையோ குறித்துக்கொண்டார்.

அதன்பின் நான் ஓயாமல் கண்ணாடியைப் பார்த்தேன். வீதிக்காக அல்ல, பின்னால் இருந்த முகத்துக்காக. முகம் அமைதி என்றால் வீதியும் அமைதி. நூலகத்துக்கு முன்னால் உள்ள கடவையை நெருங்கும்போது அந்த முகத்தில் புருவங்கள் மேலேறின. பிரேக்கை மிதித்தேன். சாமான் வண்டியோடு நின்ற ஒரு பெண் கையை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுக் கடந்தார். அவரை அதுவரை நான் பார்க்கவே இல்லை.

அதிகாரியின் கால் கடைசி வரை அசையவில்லை. சித்தியடைந்தேன். கண்ணாடியை இவ்வளவு ஒழுங்காகப் பார்க்கும் ஒருவரைத் தாம் கண்டதில்லை என்றார் அவர். பழக்கியவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த தோலைப் பிய்த்து எறிந்துவிட்டு, சிங்கம் செத்தால் சரி என்றார்.

அறுவை முடிந்து மனைவியை நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கட்டுப்போட்ட காலைப் பின் இருக்கையில் நீட்டி வைத்திருந்தாள். முதல் கடவை வந்தது. நான் கண்ணாடியைப் பார்க்குமுன்பே, அவளுடைய மற்றக் கால் தரையை ஓங்கி மிதித்த சத்தம் கேட்டது. நிறுத்தினேன்.