மாமாவைச் சாப்பிடச் சொல்லு

மூன்றாம் வகுப்புப் படிக்கையில் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் இருந்தது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் தூது போவது. இருவரும் ஒரே அடுக்களையில், கை எட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். "உங்க மாமாவைச் சாப்பிடச் சொல்லுட்டி" என்பாள் அம்மா. மாமா அதைக் காதாரக் கேட்டுக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "சாப்பிடணுமாம்" என்று ஒப்பித்த பிறகுதான் எழுந்து வருவார். ரசம் வேண்டுமா என்பதும் போதும் என்பதும் என் வழியாகவே போய்வரும். எனக்குப் பெருமை தாங்காது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ஆழ்வார்திருநகரிப் பக்கம் எங்கள் ஊர். ஆற்று மணலில் கபடி பழகிய மாமா, பெரிய அணியொன்றில் சம்பளத்துக்கு ஆடும் அளவுக்கு வளர்ந்தார். அவர் டிவியில் வருகிற நாளில் தெருவே எங்கள் வீட்டுக்குள் இருக்கும். அப்படி ஒருநாள், கபடி பாடி எதிரணிப் பக்கம் போனவர், யாரும் தொடாமலே கோட்டுக்கு வெளியே காலை வைத்து அவுட் ஆனார். ஆட்டம் போயிற்று. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மா மட்டும் டிவியை அணைத்துவிட்டு, "அவன் காலு தானாப் போவாது. அவனாத்தான் போயிருக்கான்" என்றாள்.

பிறகு விசாரணை வந்தது. தோற்பதற்குக் காசு வாங்கியதை மாமாவே ஒப்புக்கொண்டார். அணியும் போய், கபடியால் கிடைத்த வேலையும் போய், ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். இதெல்லாம் வளர்ந்தபின் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா பகலில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுவார், சாயங்காலம் கபடிக் களத்தில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார் என்பதுதான். கயிறு பிடித்து அத்தனை நேராகப் போடுவார். போட்டு முடித்ததும் வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். ஊரில் யாரும் அவரை ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள் கபடிப் போட்டி. கடைசி ஆட்டத்தில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் இல்லை. அணியை நடத்திய கடைக்கார அண்ணாச்சி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மாமாவிடம் வந்தார்.

"எறங்குதியாலே? பழைய வேலையக் காட்டிராத."

மாமா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பெண்கள் பக்கம் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு ஊரும் சரிசமமாக இருந்தபோது கடைசியாகப் பாடிப் போகும் முறை மாமாவுக்கு வந்தது. உடம்பு கனத்துப்போயிருந்தது, ஆனால் வேகம் குறையவில்லை. ஒருவனைத் தொட்டுவிட்டு, பாய்ந்தவர்களிடம் சிக்காமல் ஓரமாக வளைந்து நடுக்கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார். நடுவர் விசில் ஊதினார். வேட்டுப் போட்டார்கள். யாரோ என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அந்தக் கூச்சலுக்குள் மாமா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் போனார். "சார், பாயிண்ட் குடுக்காதீங்க. வாற வழியில வெளிய மிதிச்சிட்டேன்."

நடுவர் நம்பாமல் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கோட்டுக்கு அப்பால் ஈர மண்ணில் இரண்டு விரல் சுண்ணாம்போடு பதிந்திருந்தது. பாயிண்ட் எதிரணிக்குப் போயிற்று. கோப்பையும் போயிற்று.

"எவன்லே பாத்தான்? வாயப் பொத்திக்கிட்டு இருக்கலாம்லா?" என்று ஒருவர் கத்தினார். "மறுபடியும் வித்துட்டான்வே!" என்றது இன்னொரு குரல். அண்ணாச்சி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்கும் மாமாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா முன்னதாகவே வந்து இலை போட்டிருந்தாள். மாமா முற்றத்திலேயே நின்றுவிட்டார். நான் என் உத்தியோகத்துக்குத் தயாராக நடுவில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

"ஏலே, கால் கழுவிட்டு வா. கறி ஆறிப்போவுது."

மாமா அசையவில்லை. நான் சொன்னால்தான் வருவார் என்று நினைத்து, "கால் கழுவிட்டு வரணு..." என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இருட்டி. எந்தம்பிகிட்ட நான் பேசுதேன்."

தண்ணீர்த் தொட்டியருகே குனிந்த மாமா நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. அம்மா போய்ச் செம்பைப் பிடுங்கி அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு கரைந்து ஓடியது.

"இது தானாப் போச்சுக்கா" என்றார் மாமா.

"எனக்குத் தெரியாதாலே, உங்காலு" என்றாள் அம்மா. அவளும் அழுதாள்.

அன்று சட்டியிலிருந்த நல்ல கறியெல்லாம் மாமாவின் இலைக்கே போயிற்று. தோற்றுவிட்டு வந்தவருக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று எனக்கு விளங்கவில்லை. என் வேலை பறிபோன வருத்தம் வேறு. இருந்தாலும், கோப்பை போன துக்கத்தில் பெரியவர்கள் இரண்டு பேரும் இப்படி அழுகிறார்களே என்று மனசு கேட்காமல், மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அடுத்த கொடைக்குக் கண்டிப்பா ஜெயிச்சிருவோம் மாமா" என்று தேற்றினேன்.