கறுப்புப் பையும் கோச் ஆன்ட்டியும்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகும் நாப்கின் பாக்கெட்டைக் கறுப்புப் பையில் மறைத்து எடுத்துப் போனவன் நான். ஊரில் மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளில் மடித்து, கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, கடத்தல் தங்கம் போலக் கைமாற்றுவாரே, அந்த மரபின் கடைசி வாரிசு. இங்கே கடைகளில் அப்படிப் பை தருவதில்லை. ஆகவே வீட்டுக் குப்பைப் பை ஒன்றை உருவி, பாக்கெட்டுகளை உள்ளே போட்டு, வாயை இரட்டை முடிச்சாகக் கட்டினேன். அலுவலகத்தில் என்னை மேலாளர் என்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இருக்கிற ஒரு டப்ளினில் என் மகள் ஆடிய பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கிட் பை சுமக்கும் அப்பா நான். கிரிக்கெட்டைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஆடத் தெரியாதவர்களுக்கு அதுதான் வழி. அணியை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், வார நாட்களில் பிசியோதெரபிஸ்ட். பிள்ளைகளுக்கு அவர் கோச் ஆன்ட்டி, நாளடைவில் எனக்கும். மற்ற பயிற்சியாளர்கள் ஸ்கோரைப் பார்ப்பார்கள். இவர் யார் வரவில்லை என்று பார்ப்பார்.

எங்கள் வேகப்பந்து வீச்சாளர் கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பெண். மாதம் ஒருமுறை வயிற்றுவலி என்று வராமல் இருந்துவிடுவாள். அவள் அப்பாவுக்கு வேலை போனது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் விசா என்ன ஆகும் என்று பிறந்தநாள் விருந்துகளில் மணிக்கணக்காக அலசினோம். வேலை போன வீட்டில் முதலில் நின்றுபோவது வெளியே தெரியாத செலவுதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆன்ட்டிதான் ஒரு நாள் அவளை வீட்டில் விடப் போகும்போது காரில் மெல்லக் கேட்டிருக்கிறார். நாப்கினுக்குப் பதிலாக டிஷ்யூவை மடித்து வைத்துக்கொண்டு பந்து வீச ஓட முடியாது. இதெல்லாம் அந்தப் பெண்ணே பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆன்ட்டி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: இனி பந்து, ஸ்டம்ப் மாதிரி நாப்கினும் கிட்டில் ஒரு சாமான். அதன் விளைவுதான் என் இரட்டை முடிச்சு.

மண்டல அணிக்கான தேர்வு ஆட்டம். அன்று ஆடாவிட்டால் அவளுக்கு அந்த வருடம் வாய்ப்பில்லை. தொடங்கும் நேரத்தில் அவள் ஆன்ட்டியின் காதில் ஏதோ சொன்னாள். ஆன்ட்டி கிட் பையைத் துழாவினார்; ஒன்றுமில்லை. சுத்தத்தில் நம்பிக்கையுள்ள இன்னொரு அப்பா, ஹெல்மெட்டுகளுக்கு அடியில் யாரோ குப்பையைத் திணித்திருக்கிறார்கள் என்று என் மூட்டையை மைதானத்துத் தொட்டியில் போட்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நான் தொட்டிக்குள் இடுப்புவரை தலைகீழாக இறங்கி மூட்டையை மீட்டேன். ஆன்ட்டி முடிச்சை அவிழ்க்கவில்லை, பையையே கிழித்தார்.

"தம்பி, உங்களுக்கு வெக்கமெண்டா அதை வீட்டில கட்டி வைச்சிட்டு வாங்கோ. இஞ்ச பிள்ளையள் விளையாட வந்திருக்கினம்."

பாக்கெட்டுகளைப் பிரித்து, ஆரஞ்சுச் சுளைகளுக்குப் பக்கத்தில் மேசை மேலேயே பரப்பினார். தேவையோ இல்லையோ, ஒவ்வொருத்தியும் எடுத்துத் தன் பையில் வைக்க வேண்டும் என்றார். என் மகள் உட்பட எல்லோரும் எடுத்தார்கள். யாருக்கு உண்மையில் அவசரம் என்பது பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சற்று நேரத்தில் அந்தப் பெண் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு களமிறங்கினாள். அவள் பந்து வீசிய அழகை விரிவாக எழுத ஆசைதான். அப்போது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். தேர்வானாள்.

அடுத்த சீசனுக்கு முன் லீக் கூட்டத்தில் ஆன்ட்டி எழுந்து, முதலுதவிப் பெட்டி போல ஒவ்வொரு மைதானத்திலும் நாப்கின் பெட்டியும் கட்டாயம், அது திறந்தே இருக்க வேண்டும் என்றார். ஆண்கள் கூரையைப் பார்த்தோம். ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதானால் அந்தச் சொல்லை வாயால் சொல்ல வேண்டுமே.

என் மகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள். என்னைக் கிட் பையிலிருந்து விடுவிக்க யாருக்கும் ஞாபகமில்லை. கல்லூரியில் படிக்கும் அந்த வேகப்பந்துக்காரிதான் இப்போது சிறுமிகளின் கோச்; ஆன்ட்டி நிழலில் நாற்காலி போட்டு யார் வரவில்லை என்று பார்க்கிறார். சென்ற சனிக்கிழமை நானே கடைக்குப் போய், கையில் மறைக்காமல் வாங்கி, பளிச்சென்ற கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, மூடியைப் பொருத்தி, மேசையின் நட்டநடுவில் வைத்தேன். சிலை திறந்தவனைப் போல இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். புதிய கோச் வந்து பெட்டியையும் என்னையும் பார்த்தாள்.

"அங்கிள், யூ லெஃப்ட் த லிட் ஆன்."