அக்காவுக்குக் கொடுத்த மாத்திரை அட்டை

பசியை அடக்கும் மாத்திரையை அடையாறில் ஒரு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தார். மாதா மாதம் ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் அடுத்த சீட்டு என்றார். முதல் மாதமே நாலு கிலோ இறங்கியது. வாய் உலர்ந்தது, தூக்கம் குறைந்தது. பிளவுஸ் தளர்ந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் முறை போனபோது, ரத்த அழுத்தம் பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "வீட்ல வேற யாரும் இத எடுக்கலியே?"

"எங்க அக்காவுக்கு ஒரு அட்டை குடுத்தேன் டாக்டர். அவளும் ரொம்ப நாளா குறைக்கணும்னு சொல்லிட்டிருந்தா."

"அவங்களுக்கு பிரஷர் இருக்கா?"

இருந்தது. மூன்று வருடமாக அதற்கு மருந்து சாப்பிடுகிறாள். கொடுக்கும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

"உடனே போன் பண்ணுங்க. பிரஷர் இருக்கறவங்க இத தொடவே கூடாது."

மணி அடித்துக்கொண்டே இருந்தது, அக்கா எடுக்கவில்லை. அத்தான் வெளியூரில் இருந்தார். அசோக் நகருக்கு ஆட்டோ பிடித்தேன். சைதாப்பேட்டையில் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. மறுபடி மறுபடி போன் செய்தேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, இத்தினி தபா போன் பண்றே? யாருக்கு இன்னா ஆச்சு?"

"எங்க அக்காவுக்கு..." என்றேன். மாத்திரையை நான்தான் கொடுத்தேன் என்பதை மறைத்துவிட்டேன். அவர் சந்துக்குள் புகுந்து ஓட்டினார்.

கதவை நாலைந்து முறை தட்டிய பிறகு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். முகம் சிவந்திருந்தது.

"தலை பொளக்குதுடி. காலைலேர்ந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"நான் குடுத்தத போட்டியா?"

"நாலு நாளா போடறேன். சீக்கிரம் குறையட்டும்னு இன்னிக்கு ரெண்டு."

அதே ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. என்ன சாப்பிட்டாள், எத்தனை, யார் கொடுத்தது என்று அங்கே கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தால் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் அழுத்தம் இறங்கியது.

மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். "நானேதான் வாங்கினேன்" என்று ஊரிலிருந்து வந்துவிட்ட அத்தானிடம் சொன்னாள். அவர் அதை நம்பிவிட்டார். ஒரு வாரம்கூட அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை. நானே போய் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அக்காவின் மருந்து டப்பாவை எடுத்து வந்து, அவள் எதை எதைச் சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார்.