ராணிக்குப் பின்னால் ஒரு குடை

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா சிவப்பு வைப்பார். பூதக்கண்ணாடிக்குக் கீழே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய படம். அதற்குள் எறும்பளவில் ஒரு ராணி. தூரிகை நுனி ராணியின் பாவாடையைத் தொட்டு விலகும்வரை மூச்சு கிடையாது. பிறகு ஃபிலிமை ஒரு கட்டம் இழுத்து, 'புஸ்'ஸென்று விட்டு, மறுபடி பிடிப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அறையில் பாம்பு புகுந்துவிட்டதென்று நாற்காலிமேல் ஏறியிருக்கிறார்கள்.

சினிமா ஓடத் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. நிறத்தைப் பிடிக்கிற ஃபிலிம் இன்னும் வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால்தான் வண்ணம் ஏற்ற வேண்டும். கண்ணாடிக் கூரை போட்ட இந்தப் பட்டறையில் வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு நிறம். சிவப்பு வைப்பதால் அக்கா எல்லோருக்கும் சிவப்பக்கா. பக்கத்தில் பச்சை வைப்பவர் அவருடைய நாத்தனார். வீட்டில் மிச்சம் வைத்த சண்டையை, தூரிகை கழுவும் தண்ணீரைச் சாக்கிட்டு இங்கே தொடர்வார்கள்.

அக்காவுக்குப் படத்தில் இருப்பவர்களோடும் பேச்சு உண்டு. "கொஞ்சம் நில்லும்மா, ஓடாத" என்று ராணியையே அதட்டுவார்.

அந்த ராணி படத்தில்தான் வம்பு வந்தது. குதிரை வண்டியிலிருந்து ராணி இறங்குகிறாள். பின்னால் குடை பிடித்த வழிப்போக்கர் ஒருவர், படம் எடுப்பது தெரியாமல் குறுக்கே நடந்து போகிறார். "பாவம், தெரியாம வந்து மாட்டிக்கிட்டார். வந்த மனுஷனச் சும்மாவா அனுப்பறது?" குடை முழுக்கச் சிவப்பை அப்பிவிட்டார் அக்கா.

கொட்டகையில் ஒருவரும் ராணியைப் பார்க்கவில்லை. குடை நுழைந்ததும் விசில் பறந்தது.

படத்தை எடுத்தவர் பட்டறை முதலாளியேதான். வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஏம்மா, கிரீடம் செஞ்சேன், குதிரை வண்டி புடிச்சேன். எவனோ தெருவுல போறவன் குடைக்குக் கை தட்டுறாங்க! நாளைலேருந்து நீ வர வேணாம்."

அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். கூடவே நாத்தனாரும் எழுந்தார். "எங்கண்ணி இல்லாத எடத்துல எனக்கென்ன வேல?" வீட்டில் வாய் திறந்து அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை அவர்.

மறுநாள் படம் வாங்க வந்த கொட்டகைக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் குடைப் படம் இருக்கா?" முதலாளி நேரே அக்கா வீட்டு வாசலுக்கு ஓடினார்.

"யார் குடைக்கு வேணாலும் வச்சுக்கோ. வந்துடும்மா."

"வர்றேன். ஆனா நாங்க வச்ச கலர் ஓடறத நாங்க ஒரு தடவகூடப் பாத்ததில்ல. எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க."

போனார்கள், பட்டறையில் தூரிகை கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கும் நானும் ஒட்டிக்கொண்டேன். விளக்கு அணைந்ததும் ஒரே ரகளை. "அதோ என் மஞ்ச!" "ஐயோ, என் பச்ச ஆடுது பாருங்கடி!" முன்வரிசைக்காரர்கள் உஸ் உஸ் என்று திரும்பிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். ராணி இறங்கினாள், பாவாடை தீப்பிடித்தாற்போல் துடிக்க. பின்னால் குடை வந்தது. நிதானமாகத் திரையைக் கடந்து ஓரத்தில் மறைந்தது.

சிவப்பக்கா நாத்தனார் மடிமேல் சாய்ந்து, கழுத்தை நீட்டி, குடைக்காரர் எந்தப் பக்கம் போனார் என்று திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.