வளைந்து நின்ற எஸ்

“...அது எஸ் இல்லக்கா, கணக்குப் பாடத்துல வர்ற குறி. பார்க்கத்தான் எஸ் மாதிரி அழகா வளைஞ்சு நிக்குது. சாதாரண எஸ் போட்டுத் தேடுனா உங்க கடை எப்படிலா வரும்?”

சாப்பாடு டெலிவரி செய்யும் அந்தத் தம்பி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுத் தோசையை மென்றபடி பேசினார். எங்கள் ஊர் மெர்லிமாவில் வேறு வீட்டைத் தேடி வந்தவர், வாசனை பிடித்து என் தோசைக் கடையில் நின்றுவிட்டார்.

கடை திறந்ததிலிருந்து சாப்பாடு ஆர்டர் செய்யும் செயலியில் ஓர் ஆர்டர்கூட வந்ததில்லை. புளித்த மாவைக் கொட்டிக் கொட்டி மனம் விட்டுப்போய், அந்த மாதத்தோடு மூடிவிட நினைத்திருந்தேன். கடைப் பெயரின் முதல் எழுத்து எடுப்பாக இருக்கட்டும் என்று அந்தக் குறியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது நான்தான்.

“பேரு அழகா இருந்தாத்தானே தம்பி ஆள் வரும்?”

“மொதல்ல வரட்டும்கா, அழகை அப்புறம் பார்க்கட்டும்!”

என் போனை வாங்கி எழுத்தை மாற்றிக் கொடுத்தார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டேனே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். தினமும் அடுப்புப் பற்றவைக்கும்போது அந்தப் பெயர் தெரியாத முகத்துக்குத்தான் முதல் நன்றி.

“இருங்கக்கா, வருதான்னு பார்ப்போம்,” என்று மோட்டாரைக் கிளப்பினார். சாலை முனையில், என்னை முன்பின் தெரியாதவர் போல நின்று தன் போனில் என் கடையைத் தேடினார். என் போன் மணியடித்தது: இரண்டு தோசை. அதை வாங்கிப்போக, ஹார்ன் அடித்துக்கொண்டே அவரே திரும்பி வந்தார்.