விதிகளைச் சரிபார்த்தவர்

அம்மா இறந்த பிறகு உத்திரமேரூர் வீட்டில் நான் மட்டும்தான். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அவர்களுடைய விதிகளைக் கணினிக்குப் புரிகிற ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பார்க்கச் சாதாரண ஆங்கிலம் போலத்தான் இருக்கும். விண்ணப்பித்தவரின் வயது அறுபதுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்று கட்டாயம், இந்த மாதிரி. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். 'சீக்கிரம்', 'பெரும்பாலும்' என்றெல்லாம் எழுதினால் கணினி ஏற்காது.

பகல் முழுக்க அப்படி எழுதிவிட்டு வெளியே வந்தால் பேச்சே வராது. டீக்கடைக்காரர் ஒருநாள், "இன்னா சார், எப்பவும் ஊட்லயே கீறீங்க, வேல பூட்ச்சா?" என்று கேட்டார். வேலை போகவில்லை, இருக்கிறது என்றேன். டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

நான் எழுதுவதைப் படிக்க ஒரே ஒருவர் இருந்தார். விதிகளைச் சரிபார்க்கும் பெண். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. வாக்கியத்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுவார். 'மனைவி அல்லது பிள்ளைகளுக்கு' என்று நான் எழுதினால், இரண்டு பேரும் இருந்தால் யாருக்கு என்று கேட்பார். திருத்துவேன். ஒருநாள் விதிக்குச் சம்பந்தமே இல்லாமல், உங்கள் பக்கம் மழையா என்று கேட்டிருந்தார். ஆமாம், கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று எழுதினேன். அதற்குப் பிறகு காலையில் கணினியைத் திறந்ததும் அவர் குறிப்பைத்தான் முதலில் தேடுவேன். சில விதிகளை வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பி எழுதினேன், அவர் ஏதாவது கேட்கட்டும் என்று.

போன மார்கழியில் சரிபார்க்கும் வேலையையும் கணினிக்கே கொடுத்துவிட்டார்கள். கடைசி நாள் அவர் என் எண்ணை வாங்கி போன் செய்தார்.

"சார், உங்களுக்கு எந்த ஊரு? இத்தினி நாளா கேக்கவே இல்ல."

உத்திரமேரூர் என்றேன்.

"நான் ஓரிக்கைங்க. இங்கதான் இருந்துக்கினு இருந்தேன்."

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். அதைச் சொன்னபோது சிரித்தார். கணவர் வேலை பார்க்கும் ஓசூருக்கு மறுநாள் குடிபோவதாகவும், சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டதாகவும் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிறு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி ஓரிக்கையில் இறங்கினேன். அவர் இல்லை என்று தெரியும். எந்தத் தெரு என்றுகூடக் கேட்டு வைத்திருக்கவில்லை. பாலாற்றுப் பாலம் வரை நடந்து போய் நின்றேன். கீழே யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றேன்.